காய்ந்து கிடந்த பள்ளமும் ஒரு வண்டிப்பாதையும்

சாலையிலிருந்து வீடு கட்டப்போகும் மேடு வரை வண்டி ஏற ஒரு பாதை வேண்டும், அவ்வளவுதான் விஷயம். 120 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், மேலே ஜல்லி. வீட்டு வரைபடத்துக்கு மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட நான், இந்தப் பாதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்கேலை வைத்து ஒரே கோடாக இழுத்து முடித்துவிட்டேன். கீழே கேட், மேலே வீடு, நடுவில் கோடு.

அனுமதி கேட்டுப் போனால் கையில் சுற்றுச்சூழல் ஆய்வுப் படிவத்தைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு இல்லை, பாதைக்கு! எத்தனை கன மீட்டர் மண்ணை வெட்டுகிறீர்கள், எத்தனை நிரப்புகிறீர்கள், மிச்ச மண் எங்கே போகும், இருப்பதிலேயே செங்குத்தான இடத்தில் சரிவு எத்தனை சதவீதம், எந்த மாதத்தில் வேலை, எந்தெந்த மரம் வேலைக்குப் பக்கத்தில் வருகிறது என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். நடுவே ஒரு வரியில், இடத்தில் நீரோடை ஏதும் உண்டா என்றிருந்தது. யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினேன். பொய்யென்று தெரிந்து எழுதவில்லை. அங்கே ஒரு பள்ளம் உண்டு, ஆனால் நான் போன ஒவ்வொரு முறையும் அது காய்ந்த சருகு நிறைந்துதான் கிடந்தது.

இந்த ஆய்வு நேற்று முளைத்த தொல்லை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1969-இல் நிறைவேறி 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான சட்டத்தில் தொடங்கி, இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. அணை, நெடுஞ்சாலை, சுரங்கம் என்றால் புரிகிறது, வீட்டுப் பாதைக்கு எதற்கு என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். சரிவு குறைவாக இருந்தால் பல இடங்களில் கேட்பதும் இல்லை. கலிபோர்னியாவில் 10 சதவீதத்துக்குக் குறைவான சரிவில் மண் நிரவுவதற்குப் பொதுவாக விலக்கு உண்டு, நீர்வழியோ ஈரநிலமோ குறுக்கே வராத வரை. என் நிலத்தில் பெரும்பகுதி 20 சதவீதம், அதாவது 100 மீட்டர் தள்ளிப் போனால் 20 மீட்டர் ஏற்றம். கோடு போகும் வழியில் ஓர் இடத்தில் 40. அதையும் நான் அளந்து தெரிந்துகொண்டது அந்தப் படிவம் கேட்ட பிறகுதான். கொத்தனார்கள் பிடிப்பார்களே டியூப் லெவல், அதில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை மச்சினன் பிடித்துக்கொள்ள மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க ஏறி இறங்கினோம்.

இந்த 20, 40 என்பதற்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இங்கேதான். சரிவின் குறுக்கே 4 மீட்டர் பாதை போட்டால் மேல்பாதியை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பாதியில் போட்டு மட்டமாக்குகிறோம். வெட்டிய பக்கமும் கொட்டிய பக்கமும் சுவர் மாதிரி நிற்காது, சாய்த்துவிட வேண்டும். வழக்கமாகச் சொல்லும் அளவு 2-க்கு 1, அதாவது 2 மீட்டர் தள்ளிப் போனால் 1 மீட்டர் இறங்கலாம். 20 சதவீதச் சரிவில் இந்தச் சாய்ப்பு இரண்டு பக்கமும் 1.3 மீட்டர்தான் போகிறது, மொத்தம் கலைகிற தரை 6.7 மீட்டர் அகலம். சரி, போகட்டும். அதே கணக்கை 40 சதவீதத்தில் போட்டுப் பாருங்கள். நாம் சாய்த்துவிடும் சரிவு 50 சதவீதம், நிலம் 40 சதவீதம், இரண்டும் கிட்டத்தட்ட இணையாகவே ஓடுகின்றன, ஒன்றையொன்று தொட 8 மீட்டர் ஆகிறது. மேலே 8, கீழே 8, நடுவில் 4. சரிவு இரண்டு மடங்கு, கலையும் தரை மூன்று மடங்கு: 20 மீட்டர். என் நான்கு மீட்டர் பாதைக்கு! ஸ்கேலால் கோடு இழுத்தபோது பென்சில் முனை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் என் மனதில் பாதை.

ஜேசிபி அண்ணனிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "எவ்வளவு மண்ணுக்கு மேல போனா பேப்பர் கேக்குறாங்களோ அதுக்குள்ள முடிச்சுக்குவோம் சார். இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் பாதி." ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் துண்டு துண்டாகச் செய்தாலும் ஒரே வேலையாகவே கணக்கில் எடுப்பார்கள், இந்தத் தந்திரத்தைப் பார்க்காத அலுவலகம் எங்கும் இருக்காது. தவிர, பாதி வெட்டிய சரிவை ஒரு மழைக்காலம் முழுக்கத் திறந்து போட்டுவிட்டு வருவதைப் போல மோசமான யோசனை வேறு கிடையாது.

அப்புறம் ஆய்வுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். சின்ன வயசு. நான் வீடு வரும் இடத்தைக் காட்ட மேலே கூட்டிப் போகலாம் என்றிருந்தேன், அவர் நேராகப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார். உட்கார்ந்து சருகை இரண்டு கையாலும் ஒதுக்கினார். அடியில் மணல். கொஞ்சம் கூழாங்கல்லும், முனை மழுங்கிய உருண்டைக் கல். "சார், மத்த இடத்துல எல்லாம் கல்லு எப்படி இருக்கு?" என்றார். கூர்கூராக இருந்தது. பக்கத்தில் ஒரு புதரின் வேரில் குச்சியும் புல்லும் ஒரே திசையில் சீவிவிட்ட மாதிரி சிக்கிக் கிடந்தன, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். அந்த உயரத்துக்குத் தண்ணீர் போயிருக்கிறது. எத்தனையோ தடவை அந்த இடத்தைத் தாண்டி நடந்திருக்கிறேன்.

வருஷத்தில் சில நாள்தான் ஓடும், ஆனாலும் ஓடைதான் என்றார். என் கோடு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே 30 மீட்டர் போனது. மேட்டில் வெட்டும் மண்ணைப் பள்ளத்தில் போட்டால் வெட்டும் நிரப்பும் சரியாகிவிடும், மண்ணை வெளியே கொண்டுபோகவே வேண்டாம் என்று பெருமையாக வேறு குறிப்பு எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை, அதற்கு நான் இன்னமும் நன்றியுள்ளவன்.

குழாய் பதித்து மேலே மண் போடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். போடலாம், ஆனால் எந்த வெள்ளத்துக்குக் குழாய் என்று திருப்பிக் கேட்டார். நூறு வருட வெள்ளம் என்கிறார்களே, அது நூறு வருஷத்துக்கு ஒருமுறை தேதி பார்த்து வருவதில்லை. எந்த வருஷமும் வர 1 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். 30 வருஷம் அந்த வீட்டில் இருந்தால் அதற்குள் ஒருமுறையாவது வர 26 சதவீதம் வாய்ப்பு. நாலில் ஒன்று! குழாய் சின்னதாக இருந்தால், அல்லது ஒரு மரக்கிளை வந்து வாயை அடைத்தால், தண்ணீர் பாதைமேல் ஏறி நிரப்பிய மண் மொத்தத்தையும் கீழே இருப்பவர் தலையில் கொண்டுபோய்ப் போடும். குழாயின் வெளிவாயில் பாயும் வேகம் தனிப் பிரச்சினை. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு ஆகும் என்பது பழைய கணக்கு. அதனால்தான் அங்கே பெரிய கற்களை அடுக்கச் சொல்கிறார்கள்.

பாதையே ஒரு கூரை மாதிரி என்பதையும் அன்றுதான் யோசித்தேன். இறுக்கிய ஜல்லிக்குள் தண்ணீர் அதிகம் இறங்காது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். 480 சதுர மீட்டர் பாதையில் ஒரு மாலை 50 மில்லிமீட்டர் பெய்தால் 24,000 லிட்டர், இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர், முன்பு சிதறிப் புல்லுக்குள் இறங்கியது இப்போது ஒரே பக்கம் திரண்டு ஓடும். படிவத்தின் பாதிக் கேள்விகள் சுற்றி வளைத்து இதைத்தான் கேட்கின்றன: அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் கேட்டிருந்தால் எனக்கும் அவர்களுக்கும் நேரம் மிச்சம். அதை விட்டுவிட்டு ஒரு வீட்டுக்கு வந்துபோகும் இரண்டு வண்டிகளின் சத்தத்தையும் புகையையும் பற்றி ஒரு பக்கம். பெரிய குடியிருப்புத் திட்டத்துக்கு அச்சடித்ததை எனக்கும் கொடுத்திருக்கிறார்கள், வேறென்ன.

கடைசியில் கோட்டை அழித்துவிட்டு நிலத்தின் முதுகுப் பக்கமாகப் புதுப் பாதை வரைந்தோம். 35 மீட்டர் நீளம் கூடிற்று, வெட்டும் மண் பாதிக்கும் கீழே குறைந்தது. பள்ளத்தையும் தொடவில்லை, 40 சதவீத இடத்தையும் தொடவில்லை. ஒரு பெரிய மரத்துக்காக மட்டும் மறுபடி வளைக்க வேண்டியிருந்தது. அடிமரக் குறுக்களவைப் போல 12 மடங்கு தூரத்துக்கு வேரை விட்டுவைக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு, 40 சென்டிமீட்டர் மரம் என்றால் சுற்றிலும் 4.8 மீட்டர். வெட்டினால்தான் சாகும் என்றில்லை, வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கும், மேலே ஒன்றரை அடி மண்ணைக் கொட்டி இறுக்கினாலே மூச்சு முட்டி நாலைந்து வருஷத்தில் பட்டுப்போகலாம். அப்போது யாருக்கும் பாதை ஞாபகம் வராது, பூச்சி அடித்துவிட்டது என்போம்.

நீளம் கூடியதால் தீயணைப்பு வண்டி வந்து திரும்ப மேலே ஓர் இடம் கேட்டார்கள். அதற்கும் மண் வெட்டத்தான் வேண்டும்! மண்ணைத் தொடாதே என்று ஒரு பிரிவும், இன்னும் கொஞ்சம் வெட்டு என்று இன்னொரு பிரிவும். வீட்டு முற்றத்தையே திரும்புமிடமாகக் காட்டிச் சமாளித்தேன்.

வேலை மழைக்காலத்துக்கு வெளியே, பறவைகள் கூடு கட்டும் மாதங்களையும் தள்ளிவிட்டு, அதனால் ஏழு வாரம் காத்திருந்தோம். மேல்மண்ணைத் தனியாக வழித்துக் குவித்தார் அண்ணன். நிரப்பும் மண்ணை 25 சென்டிமீட்டர் போட்டு ரோலர் ஓட்டி, மறுபடி 25 போட்டு என்று ஏற்றினார். மொத்தமாகக் கொட்டி ஒரே தடவை ஓட்டினால் மேல்தோல்தான் இறுகும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி மண்ணை அமுக்கி உருண்டையாக்கிக் கட்டைவிரலால் அழுத்துவார். இரண்டாக உடைந்தால் சரி, பொடிந்தால் தண்ணீர் தெளிக்கச் சொல்வார், விரலில் பிசுபிசுத்தால் அன்று டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கீழ்ப்பக்கம் மண் தடுக்கும் துணிவேலி நட்டோம். அடித்துணியை 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். கடைசி மூலைக்கு வரும்போது இருட்டிவிட்டது, அந்த மூலையைப் புதைத்தது நான்.

முதல் பெரிய மழை விடியற்காலையில் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு போனேன். பாதையிலிருந்து தண்ணீர் வெளிப்பக்கச் சாய்வில் பரவலாக இறங்கிப் புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. பள்ளத்தில் சருகெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது, கணுக்கால் உயரத்துக்குமேல் தண்ணீர், நல்ல சத்தம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வேலிப் பக்கம் போனால், எல்லா இடத்திலும் துணி தாங்கியிருக்கிறது, அந்தக் கடைசி மூலையில் மட்டும் அடியில் புகுந்து இரண்டு மீட்டருக்குச் செம்மண் நாக்கு நீட்டியிருந்தது. குடையை வேலிக்கம்பில் மாட்டிவிட்டு மண்வெட்டி எடுக்கப் போனேன்.