ரிமோட்டில் இருந்த நீர்த்துளி

நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டு ஏசி ரிமோட்டில் வெப்பநிலையைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் இரண்டு பொத்தான்களைத் தவிர வேறெதையும் நான் தொட்டதில்லை. சென்ற வாரம், மழை பெய்து ஓய்ந்த ஒரு புழுக்கமான சென்னை இரவில்தான், 'மோட்' பொத்தானை அழுத்தினால் வரும் நீர்த்துளிச் சின்னத்தின் பயன் எனக்குப் புரிந்தது. அந்த 'டிரை' மோடில் விசிறி மெதுவாகச் சுழல, குளிரை உண்டாக்கும் கம்ப்ரசர் விட்டுவிட்டு இயங்க, காற்றிலுள்ள ஈரம் ஏசிக்குள் குளிர்ந்திருக்கும் குழாய்ச் சுருளின் (காயில்) மீது நீராகப் படிந்து குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. அறை பெரிதாகக் குளிராவிட்டாலும் உடலின் பிசுபிசுப்பு அடங்குகிறது. சித்திரை வெயிலுக்கு இது போதாது. அதற்குப் பனித்துகள் சின்னமுள்ள 'கூல்' மோடுதான் சரி. விசிறிச் சின்னத்தில் கம்ப்ரசர் ஓடவே ஓடாது என்பதை அறியாமல், ஏசி குளிரவில்லை என்று மெக்கானிக்கை அழைப்பவர்கள் உண்டு (நானும் ஒருமுறை அழைத்திருக்கிறேன்).

16 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது பரவலான நம்பிக்கை. கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் 'இன்வெர்ட்டர்' வசதி இல்லாத ஏசிகளில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும் என்பதால், 16 வைத்தாலும் 24 வைத்தாலும் குளிரும் வேகம் ஒன்றே. கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் நேரம்தான் தள்ளிப்போகிறது. நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகளில், நாம் மாற்றாதவரை தானாக அமைந்திருக்கும் இயல்பு வெப்பநிலை 24 டிகிரியாக இருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. எங்கள் வீட்டில் இப்போது 26 டிகிரியும் கூடவே மின்விசிறியும் ஓடுகின்றன. மகள் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.