96 ஃபிரேமில் 27 மினுக்குகிறது

ஒரு பழைய படத்தின் ஒளிரும் உடைகளை வீட்டிலேயே கைவேலையாகச் செய்து பார்க்கும் எட்டு விநாடி ஷாட். நொடிக்கு 12 என்று மொத்தம் 96 ஃபிரேம். ஐந்து வாரமாக மாலை நேரமெல்லாம் இதற்கே போனது. நேற்று இரவு எல்லாவற்றையும் கோத்து ஓட்டிப் பார்த்தால், அக்கா மகனின் உடையில் இருக்கும் கோடுகள் ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரி விட்டு விட்டு எரிகின்றன.

செய்ய நினைத்தது 1982ல் வந்த 'ட்ரான்' படத்தின் விளையாட்டுக் களத்தை. கணினிக்குள் இழுக்கப்பட்ட ஒருவன் மற்ற புரோகிராம்களோடு சாகும்வரை மோத வேண்டும், தோற்றவன் துகள் துகளாகக் கலைந்துவிடுவான். கதை மேல் எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அந்த ஒளிர்வுதான் ஆளை விடவில்லை. அதைக் கணினி வரைந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். படத்தில் கணினி முழுதாக வரைந்த பகுதி 15, 20 நிமிடம்தான். நடிகர்கள் மேல் ஓடும் வெளிச்சம் முழுக்கக் கைவேலை. வெள்ளை உடையில் கறுப்புக் கோடு போட்டு, கறுப்பு செட்டில், 65 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுத்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு ஃபிரேமையும் பெரிய கோடலித் ஃபிலிமுக்கு (இடைச் சாயல் இல்லாமல் அழுத்தமான கறுப்பும் தெளிவுமாகப் பதியும் ஃபிலிம்) மாற்றி, பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி, வண்ண ஃபில்டர் வைத்து மறுபடி படம்பிடித்திருக்கிறார்கள். மை தீட்டவும் வண்ணம் அடிக்கவும் மட்டும் தைவான் ஸ்டூடியோ ஒன்றில் 200 பேர். இங்கே நானும், "மாமா, இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே நிக்கணும்?" என்று கேட்கும் ஒரு பொடியனும்.

கோடலித்துக்குப் பதில் லேசர் பிரிண்டரும் ஓஎச்பி ஷீட் என்கிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளும். ஃபிரேமுக்கு இரண்டு ஷீட்: ஒன்று உடம்புக்கு, ஒன்று கோடுகளுக்கு. லைட் பாக்ஸ், ஜெல் (வண்ணத் தாள்), மேலே வெளிச்சத்தைப் பரப்பிவிடும் டிஃப்யூஷன், அரை விநாடி எக்ஸ்போஷர் (கேமரா ஒளியை வாங்கும் நேரம்). டோனர் கறுப்பு உண்மையில் கறுப்பே இல்லை என்பது முதல் வாரமே தெரிந்துபோனது. பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் ஊசி ஊசியாக ஓட்டை. ஒரே படத்தை இரண்டு ஷீட்டில் அச்சடித்து அடுக்கிப் பார்த்தேன். பிரிண்டரின் சூட்டில் ஒவ்வொரு ஷீட்டும் ஒவ்வொரு விதமாகச் சுருங்குவதால் விளிம்பு பொருந்தவில்லை. கடைசியில் கோட்டைச் சுற்றி உள்ள பெரிய இடங்களை கறுப்பு அக்ரிலிக்கால் தூரிகை பிடித்து அடைத்தேன். 96 முறை. கழுத்து இன்னும் சரியாகவில்லை.

சரி, மினுக்கலுக்கு வருகிறேன். முதலில் எல்இடி டிம்மரைத்தான் திட்டினேன். அரை விநாடி எக்ஸ்போஷரில் டிம்மரின் துடிப்பெல்லாம் சராசரியாகிவிடும் என்பது அதைக் கழற்றி எறிந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த சந்தேகம் லென்ஸ். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒளி நுழையும் துளையின் (அபெர்ச்சர்) இதழ்கள் துளி வித்தியாசத்தில் மூடும், ஸ்டாப் மோஷன் செய்பவர்களுக்குப் பழகிப்போன தலைவலி இது. பழைய மேனுவல் லென்ஸ் மாட்டி பத்து ஃபிரேமை மறுபடி எடுத்தேன். அதே ஃபிரேம்கள், அதே மினுக்கல்! அப்படியானால் குற்றவாளி கேமராவில் இல்லை.

மினுக்கும் ஃபிரேம்களின் எண்களைத் தாளில் எழுதினேன்: 7, 12, 13, 31... இவற்றை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. நோட்டைப் புரட்டினால், அச்சில் கெட்டுப்போய் மறுபடி அடித்த ஷீட்டுகளின் பட்டியல் அதுவேதான். 27ல் 23 அப்படியே பொருந்தியது. மறு அச்சுக்கு நான் பிரித்தது இரண்டாவது பாக்கெட். இரண்டிலிருந்தும் ஒரு வெறும் ஷீட்டை எடுத்து லைட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டாவதில் பால் கலந்த மாதிரி லேசான மங்கல். கேமராவில் கால் ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி). டிஃப்யூஷன் வழியாகப் பார்க்கும்போது அந்தக் கால் ஸ்டாப்பே கூச்சல் போடுகிறது. மிச்ச நான்கு ஃபிரேம்கள் நான் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்த அன்று எடுத்தவை. சட்டை கண்ணாடியில் பிரதிபலித்திருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ட்ரான் குழுவுக்கும் நடந்தது இதேதான், அது எனக்கு முன்பே தெரியும். கோடலித் ஃபிலிம் ஒளியை உணரும் வேகம் தொகுப்புக்குத் தொகுப்பு மாறுபடும், அதனால் பெட்டிகளைத் தயாரித்த வரிசையிலேயே திறந்து பயன்படுத்த வேண்டும். அது புரியாமல் கலந்து பயன்படுத்த, கோடுகள் மினுக்கின. காரணம் தெரிந்த பிறகு வரிசையாகப் பயன்படுத்தினார்கள். ஏற்கெனவே கெட்ட இடங்களில் மின்சாரம் சீறுகிற மாதிரி ஒலியைச் சேர்த்து, அந்த உலகமே பழுதாகிறது என்று காட்டிவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு, இவ்வளவு பெரிய ஸ்டூடியோவில் பெட்டி மேல் எண் பார்க்க ஒரு ஆள் இல்லையா என்று சிரித்தவன் நான்.

அந்தக் குறுக்கு வழியையும் முயன்று பார்த்தேன். பழைய ரேடியோவின் இரைச்சலைப் பதிவு செய்து மினுக்கும் இடங்களில் ஒட்டினேன். அக்கா மகனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, "இப்படியே விடுங்க மாமா" என்கிறான். மறுபடி நிற்க வேண்டியிருக்குமோ என்ற பயமாகவும் இருக்கலாம். மென்பொருளில் மினுக்கலை நீக்கிக்கொள்ளலாம்தான். அதற்கு முழு ஷாட்டையும் கணினியிலேயே செய்திருக்கலாமே!

அடுத்த சுற்றுக்கு ஓஎச்பி ஷீட்டே வேண்டாம் என்று நினைக்கிறேன். ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்பவர்கள் அச்சு வார்ப்புக்குப் பயன்படுத்தும் தெளிவான பாசிட்டிவ் ஃபிலிமின் கறுப்பு எவ்வளவோ மேல். ஆனால் அதற்கு இங்க்ஜெட் பிரிண்டர் வேண்டும். லேசருக்குள் அதை விட்டால் உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கிடையே படத்தில் வரும் மோட்டார் சைக்கிளான லைட் சைக்கிளின் அட்டை மாடலையும் வெட்ட ஆரம்பித்துவிட்டேன். படத்தின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான சிட் மீட் வரைந்த முதல் வடிவத்தில் ஓட்டுபவன் வெளியே தெரிவான். கணினி வண்டி மேல் உண்மையான நடிகரை உட்காரவைப்பது அன்றைக்குச் சிரமம் என்பதால் மூடிவிட்டார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை, திறந்த வண்டியையே செய்யப்போகிறேன். ஒரு சக்கரம் முடிந்தது. 27 ஃபிரேமும் அப்படியே கிடக்கின்றன.