தீர்த்தமலையில் அவள் பெயருக்கு நின்ற அர்ச்சனை

வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருசத்துக்கு மலைக்கோயில் ஏறக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவியின் வருசத் திதி முடிந்த கையோடு மகள்தான் பேச்சை எடுத்தாள். "தீர்த்தமலைக்குப் போயிட்டு வந்துடலாம்பா. அம்மா இருந்திருந்தா இந்நேரம் மஞ்சப்பையைத் தேடியிருப்பாங்க."

என் மனைவிக்குப் பிறந்த வீடு அரூர் பக்கம். தர்மபுரிக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு கோட்டைக் கோயில் நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போவாள். ஆனால் வேண்டுதல் என்று வந்துவிட்டால் தீர்த்தமலைத் தீர்த்தகிரீஸ்வரர்தான், வடிவாம்பிகைதான்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் அனுமன்தீர்த்தம் போய்த் தென்பெண்ணையில் முழுக்கு, அப்புறம்தான் மலை. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதில் அனுமன்தீர்த்தம் அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் கணக்கில் அதுவும் இதுவும் ஒரே கோயில். இராமர் சிவபூசைக்குத் தண்ணீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார், வரத் தாமதமானதால் மலையில் அம்பு விட்டுத் தீர்த்தம் வரவழைத்தார், பிந்தி வந்த அனுமன் கோபத்தில் எறிந்த தண்ணீர் பெண்ணையாற்றில் விழுந்தது என்பது தலபுராணம். "பாவம், அவ்வளவு தூரம் போய்க் கொண்டாந்தவரு. அவரைப் பார்க்காம மேல போனா நல்லாவா இருக்கும்?" என்பாள். உழைத்து வந்தவன் பக்கம்தான் அவள் எப்போதும் நிற்பாள்.

அவளே அப்படி உழைத்தவள்தான். 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்தில் பின்னாளில் சமையலராகச் சேர்ந்தாள். விறகுப் புகையில் கண் சிவந்து வீட்டுக்கு வருவாள். வந்ததும் மறுபடி அடுப்பு. நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிய கைக்கு நாலு பேருக்கு அளவு தெரியாது. களி கிண்டினால் எதிர் வீட்டுக்கு இரண்டு உருண்டை போகும், கொள்ளுக் குழம்பும் கூடவே போகும். மாசக் கடைசியில் நான் முணுமுணுத்தால், "மீந்தா என்ன, தெருவுல ஆளா இல்ல?" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

இந்தத் தடவை மகனும் வந்திருந்தான். ஆற்றில் தண்ணீர் குறைவு. முட்டியளவில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டோம். அங்கிருந்து மலையடிவாரம். கீழ்க்கோயிலில் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். குரங்குகளுக்குப் பயந்து புளிசாதப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஏறுவது அவள் வழக்கம். மகள் துப்பட்டாவை அதே மாதிரி சுற்றியிருந்தாள். "அப்பா, மூச்சு வாங்குது பாருங்க, உட்காருங்க" என்ற அதட்டலும் அப்படியே அவள் அம்மாதான்.

மேலே அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்ட குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மகள், பிறகு மகன், அப்புறம் நான், கடைசியில்தான் அவள். வாய் பழகிய பழக்கத்தில் மூன்று பெயரையும் சொல்லிவிட்டு நாலாவதுக்கு வாயைத் திறந்துவிட்டேன். குருக்கள் காத்திருந்தார். "அவ்வளவுதானுங்களா?" என்றார். "அவ்வளவுதான் சாமி" என்று மகன் சொன்னான். மணி அடித்தது, தீபாராதனை காட்டினார்கள். திருநீற்றை வாங்கும்போது கை நடுங்கியது.

அருணகிரிநாதர் வந்து திருப்புகழ் பாடிய தலம் இது. குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று இங்கே தீர்த்தங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் சொல்வார்கள். அவள் அதிக நேரம் நிற்பது இராமர் தீர்த்தத்தில்தான். தலைக்கு மேலே வெகு உயரத்தில் பாறையிலிருந்து தண்ணீர் விழும். கோடையிலும் வற்றாது என்பார்கள். காற்றடித்தால் விழுகிற இடம் மாறும். அடியில் நிற்பவர் ஓரடி இப்படியும் ஓரடி அப்படியும் நகர்ந்து தலையைக் கொடுக்க வேண்டும்.

குளித்துவிட்டுக் கேனை நீட்டிப் பிடிப்பாள். பாதி கேனுக்குள் விழும், மீதி முழங்கை வழியாகப் புடவையில் இறங்கும். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினால், "மலையேற முடியாதவங்களுக்கும்மா" என்று திரும்பாமலே பதில் சொல்வாள். உண்மைதான். எதிர் வீட்டுப் பாட்டிக்கு, மூட்டுவலிக்காரத் தையல்காரம்மாவுக்கு, முனை வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடந்த பெரியவருக்கு என்று அந்தத் தண்ணீருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கும். என்ன வேண்டிக்கொண்டாய் என்று ஒருமுறை கேட்டேன். "கேனை ரொப்புற அவசரத்துல என்னத்த வேண்டறது!" என்று சிரித்தாள். அவளுடைய பக்தியைப் பற்றி யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

இப்போது மகன் கேனைப் பிடித்தான். சட்டை முழுக்க நனைந்து கேன் முக்கால்தான் நிறைந்தது.

ராத்திரி வீடு வந்து சேர்ந்ததும், பைகளைக்கூடப் பிரிக்காமல் மகள் டம்ளரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். பாட்டி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு, "போன வருசம் வரல" என்றார். எல்லா வீட்டுக்கும் கொடுத்து முடித்தபோது எங்கள் பூசை அறைச் சொம்புக்கு ஒரு மடக்குகூட மிஞ்சவில்லை. அடுத்த தடவை ஐந்து லிட்டர் கேனாக எடுத்துப் போகலாம் என்கிறான் மகன். அதைத் தூக்கிக்கொண்டு யார் இறங்குவது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் இப்போதே வாக்குவாதம்.