60 நாள் கேட்ட குரல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏட்டாக இருந்தபோது, யாரும் எழுதிக் கொடுக்காமலே ஒரு வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. ஒட்டுக்கேட்ட போன் பேச்சு பதிவாகி வரும். அதைக் கேட்டுத் தமிழில் எழுதித் தர வேண்டும். நான் வேப்பனப்பள்ளி பக்கத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ். எங்கள் எல்லையில் மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவார்கள். வெளியூர் ஆளுக்குப் பாதிதான் பிடிபடும்.

ஒருமுறை மாங்காய் மண்டிக்காரர் ஒருவரின் 9 வயது மகனைக் கடத்திவிட்டார்கள். சந்தேகப்பட்ட நம்பர்களை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும். அதற்கு நேரமில்லாத அவசரத்தில் ஐ.ஜி. உத்தரவு போடலாம், 7 வேலை நாளுக்குள் மேலே உறுதி செய்ய வேண்டும். அப்படித்தான் அன்று வாங்கினார்கள்.

டவர் எங்களுக்குக் காட்டியது பல கிலோமீட்டர் காடும் கொல்லையும். இரவு 2 மணிக்கு ஒரு பேச்சு வந்தது. “செருவு கட்ட மீத உன்னாமு” என்றான் ஒருவன். பக்கத்திலிருந்தவர் அது ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்தார். ஏரிக்கரை மேல் இருக்கிறோம் என்று அர்த்தம். திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பேச்சுக்குப் பின்னால் தடதடவென்று டீசல் எஞ்சின். கரண்ட் மோட்டார் வந்த பிறகும் டீசல் எஞ்சினில் தண்ணீர் இறைத்த ஏரி அந்தச் சுற்றுவட்டத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. விடிவதற்குள் பையனை மீட்டுவிட்டார்கள். அவன் அம்மா என் கையைப் பிடித்து அழுததை நினைத்தால், இந்தக் கருவியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு டிரைவரின் நம்பரும் இருந்தது. கடத்தியவனோடு ஓரிரு முறை பேசியிருந்தார், அவ்வளவுதான். சம்பந்தமில்லை என்று நான்காம் நாளே தெரிந்துவிட்டது. உத்தரவில் 60 நாள் என்று இருந்ததால் லைன் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ராத்திரி அந்த போனில் பேசியது அவர் மனைவி, தன் அம்மாவிடம். ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது, மாமியாருக்குச் சொல்லாமல் மறைத்தது, கணவர் தூங்கிய பிறகு அழுதது, எல்லாவற்றையும் என் காது கேட்டது. ‘வழக்குக்குத் தொடர்பில்லை’ என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததைப் போடுவேன். கேட்டதைக் கேட்காததாக ஆக்க முடியுமா?

அப்புறம் ஒருநாள், விசாரணைக்காக வாங்கி வைத்த அந்த போனைத் திரும்ப வாங்க டிரைவரின் மனைவியே வந்தார். “வணக்கம்ங்க மேடம்” என்ற முதல் சொல்லிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போடும்வரை என்னால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

1996-ல் உச்ச நீதிமன்றம் ஒட்டுக்கேட்புக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2007-ல் அது விதியாக வந்தது. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் உத்தரவு போடுவது அதிகாரி, அதை ஆய்வு செய்யும் குழுவிலும் தலைமைச் செயலாளர் முதலான அதிகாரிகள்தான். நீதிபதி கிடையாது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. 2011-ல் ஒரு லஞ்ச வழக்கில் போட்ட உத்தரவை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒட்டுக்கேட்கக் காரணமாக வேண்டிய பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ அதில் இல்லை, பதிவுகளை உரிய காலத்தில் ஆய்வுக் குழு முன் வைக்கவுமில்லை என்றது. குற்றவாளி தப்பிவிடுவானே என்று வருத்தப்பட்ட சக ஊழியர்கள் உண்டு. அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பதிவுகளிலும் சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் அழுதிருக்கலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

வழக்கு முடிந்ததும் லைனையும் நிறுத்து, மிச்ச நாளைக் கணக்குப் பார்க்காதே என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் சொல்லிவந்தேன். அந்த டிரைவர் வீட்டுக்கு, உங்கள் பேச்சைக் கேட்டோம் என்று இன்றுவரை ஒரு வரி போகவில்லை. சொல்ல வேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை.