மொறிஸ் மைனரைக் கொஞ்சம் பதித்துப் பார்த்தேன்

எங்கள் வீட்டு 1959 மொறிஸ் மைனரின் மூக்கு எப்போதும் சற்றுத் தூக்கலாகவே நின்றது. 1948இல் இந்தக் கார் வெளிவருவதற்கு முன், மாதிரி ஒடுங்கித் தெரிகிறதென்று வடிவமைப்பாளர் இசிகோனிஸ் அதை நீளவாக்கில் பிளந்து நான்கு அங்குலம் அகட்டினார். அந்த அகலத்தின் அழகு, கார் கொஞ்சம் பதிந்து நின்றால்தான் முழுதாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

முன்பக்கம் சுருள் ஸ்பிறிங் இல்லை. காரின் நீளவாக்கில் கிடக்கும் டோர்ஷன் பார் என்ற உருக்குத் தண்டு முறுகித்தான் பாரத்தைத் தாங்குகிறது. அதன் பின்முனையில் பல்வெட்டுக் கொண்ட லீவர் ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் உயரம் மாறும். முதலில் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை அளந்து எழுதி வைத்தேன். தரையிலிருந்து அளந்தால் ரயர் காற்றுக் கூடிக் குறைவதும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இடப்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைக்கு ஜக் கொடுத்து, முறுக்கம் போகும்வரை மெதுவாக இறக்கினோம். இணைப்பைக் கழற்றியதும் உதவிக்கு வந்த அண்ணை, "தம்பி, பதிக்கிறதை விடு, முதல் இதைப் பார்" என்றார். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் கீழ் இருக்கும் மரை மூட்டு, ட்ரனியன், கிறீஸே காணாமல் காய்ந்து, மரை தேய்ந்து ஆடியது. மைனரில் உயிரை வாங்கும் இடம் இதுதான். மரை விட்டால் ஓடும்போதே சக்கரம் மடிந்து உள்ளே போய்விடும். இரண்டு பக்கமும் புதிது போடும்வரை, மூன்று கிழமை கார் ஸ்டாண்டிலேயே நின்றது. அந்தக் காத்திருப்புக்காக நான் துளியும் வருந்தவில்லை.

அப்புறம் பல் மாற்றினோம். முதல் தடவை திசை மாறி, மூக்கு இன்னும் மேலே போனது. திரும்பக் கழற்றி மாட்டினோம். இறக்கியவுடன் அளந்தால் அளவு பொய் சொல்லும். பலாலி வீதியில் இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு அளந்தபோது சரியாக ஒன்றரை அங்குலம் பதிந்திருந்தது.

பின்பக்கம் சுலபம். மைனரில் அச்சு பட்டை ஸ்பிறிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால், இரண்டுக்கும் நடுவில் ஒரு அங்குலக் கட்டை வைத்து நீளமான யூ போல்ட் போட்டால் கார் இறங்கிவிடும்.

சக்கர நேர் பார்த்து, ஹெட்லைட்டையும் திருத்தினேன். வளைவில் கார் முன்னைவிட நம்பிக்கையாகத் திரும்புகிறது. ஆனால் பல் மாற்றியதால் டோர்ஷன் பாரின் விறைப்புக் கூடவில்லை, சக்கரம் மேலெழும் இடம்தான் குறைந்திருக்கிறது. நான்கு பேரோடு எங்கள் ஒழுங்கை மதகில் ஏறினால் தடுப்பு ரப்பர் தட்டுகிறது. இன்னொரு பல் இறக்கச் சொல்கிறார்கள். இறக்க மாட்டேன்.

வலது முன்பக்கம் அதிர்வைத் தணிக்கும் லீவர் ஷொக்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறது. வருகிற ஞாயிறு அதைக் கழற்ற வேண்டும்.