பென்குயினுக்குக் குரல் கொடுத்த இயக்குநர்

மகளுக்குக் காய்ச்சல் என்பதால் நேற்று முழுவதும் வீட்டில் ‘மடகாஸ்கர்’ ஓடியது. 2005இல் வந்த ஆங்கில அனிமேஷன் படம். மூன்றாவது முறை பார்க்கும்போது கண் தானாக மூடிக்கொண்டது. காது மட்டும் விழித்திருந்தது. அப்போதுதான் குரல்களின் அருமை புரிந்தது.

சிங்கம் அலெக்ஸுக்குக் குரல் பென் ஸ்டில்லர், வரிக்குதிரை மார்ட்டிக்கு கிறிஸ் ராக், நீர்யானை குளோரியாவுக்கு ஜேடா பிங்கெட் ஸ்மித். இல்லாத நோயெல்லாம் தனக்கு இருப்பதாக நம்பும் ஒட்டகச்சிவிங்கி மெல்மனுக்கு டேவிட் ஷ்விம்மர். அந்த இழுத்து இழுத்துப் புலம்பும் குரலைக் கேட்டாலே நமக்கும் கழுத்து வலிக்கிறது!

என் ஓட்டு பென்குயின்களின் தலைவன் ஸ்கிப்பருக்குத்தான். குரல் கொடுத்தவர் படத்தின் இரண்டு இயக்குநர்களில் ஒருவரான டாம் மெக்ராத். அந்தப் பாத்திரத்துக்கு முதலில் நினைத்திருந்த நடிகர் ராபர்ட் ஸ்டாக் 2003இல் காலமானார். கடைசியில் இயக்குநரே பேசிவிட்டார். குட்டையான உருவம், ராணுவத் தளபதியின் மிடுக்கு. கூண்டுக்குள் சுரங்கம் தோண்டும்போதும் குரலில் துளிப் பதற்றம் இல்லை.

குரங்கு போன்ற லெமூர்களின் அரசன் ஜூலியனாகப் பேசும் சாஷா பேரன் கோஹன் இன்னொரு ரகம். எந்த நாட்டு உச்சரிப்பு என்றே பிடிபடாத ஆங்கிலம்.

மார்ட்டியின் வரிகளை அலெக்ஸ் எண்ணி, கறுப்பு 30, வெள்ளை 29 என்று சொல்லும் இடம் வந்ததும் மகள் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். நான்காவது முறை போடச் சொல்கிறாள். காய்ச்சல் இறங்கிவிட்டது போலிருக்கிறது.