0.2 நொடிக் கணக்கு

ஜூன் 3
சண்டைப் பயிற்சி வகுப்பு. ஸ்பாரிங்கில் (இருவர் மோதிப் பழகுவது) ஒரே இடது ஜாபை (முன்கையால் விடும் நேர்க்குத்து) இன்று நான்கு தடவை வாங்கினேன். வருவது தெரிகிறது, கை மேலே போவதற்குள் மூக்கில் விழுந்துவிடுகிறது. "உன் கை மெதுவா இல்லப்பா, கண்ணு தப்பான இடத்துல இருக்கு" என்றார் மாஸ்டர். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் 5
வீட்டில் ஸ்கேல் சோதனை. தங்கை 30 செ.மீ. ஸ்கேலை மேலே பிடித்துத் திடீரென்று விட வேண்டும், கீழே விரித்த விரல்களால் நான் பிடிக்க வேண்டும். பத்து தடவையில் பெரும்பாலும் 20 செ.மீ. பக்கம். ஸ்கேல் அவ்வளவு தூரம் விழச் சுமார் 0.2 நொடி ஆகும், அதுதான் என் கை அசைய எடுக்கும் நேரம். ஊரில் எல்லாருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. விடுவதற்குச் சற்று முன் அவள் கட்டைவிரல் நகம் வெளுப்பு போய்ச் சிவக்கிறது, பிடி தளர்கிறது. ஸ்கேலைப் பார்ப்பதை விட்டுவிட்டு நகத்தைப் பார்த்தேன். 13 செ.மீ.! "ஏமாத்துறே" என்று ஸ்கேலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 9
பேட் பயிற்சி (எதிரே பிடிக்கும் மெத்தையை அடிப்பது). ஒரே பேட் என்றால் டப்பென்று அடிக்கிறேன். இடது, வலது, கீழே உதைக்கு ஒன்று என மூன்றில் எது வரும் என்று தெரியாவிட்டால் கை ஒரு கணம் யோசிக்கிறது. தேர்வு கூடக் கூட நேரமும் கூடும் என்று உளவியலாளர் ஹிக் 1952லேயே அளந்து சொல்லிவிட்டார். இனி ஜாபுக்கு ஒரே பதில்தான்: வலது உள்ளங்கையால் தட்டிவிடுவது.

ஜூன் 12
வகுப்பு முடிந்து, களைத்த பிறகு வேகப் பயிற்சி செய்தேன். திட்டு விழுந்தது. களைத்த உடம்பு மெதுவாக அடிக்கத்தான் பழகுமாம். வார்ம்-அப் முடிந்ததும் 10 நொடி முழு வேகம், ஒரு நிமிடம் ஓய்வு, ஆறு சுற்று. தோள் இறுகினால் நிறுத்திவிட வேண்டும்.

ஜூன் 16
டென்னிஸ் பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்தேன். ஜாலியாக இருந்தது. ஜாபுக்கு உதவுமா என்றால், சந்தேகம்தான்.

ஜூன் 21
அன்று ஜாப் விட்ட அதே ஆளோடு ஸ்பாரிங். கையுறையைப் பார்க்கவே இல்லை, பார்வை நெஞ்சு மட்டத்தில். ஜாபுக்கு முன் அவர் இடது முழங்கை லேசாக வெளியே விலகுகிறது! ஐந்தில் மூன்றைத் தட்டிவிட்டேன்.

முடிந்ததும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க உதைக்கிறதுக்கு முன்னாடி உதட்டைக் கடிக்கிறீங்க."

ராத்திரி தங்கையைக் கெஞ்சி மறுபடி ஸ்கேல். கட்டைவிரலைத் துணியால் மூடிக்கொண்டாள். 20 செ.மீ.